பெரட்டுக்கு ஓர் ஆள்

சுங்கை சிப்புட், பேராக்

அன்புள்ள நண்பா,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து, குளுவாங் சந்தைக்கு நீயே நடந்து போய் வருகிறாய் என்று அறிந்து மகிழ்ந்தோம். வலியைவிடத் தங்கச்சி குழம்பில் உப்பைக் குறைத்ததுதான் உனக்குப் பெரிய துன்பமாக இருக்கிறது போலும் என்று என் மனைவி சிரித்தாள். இங்கே நாங்கள் சுகம். நம் பெற்றோர் பால்மரம் வெட்டிய ரப்பர்க் காட்டில் இப்போது ஒரு பாதி செம்பனை, மறுபாதி தாமான் வீடுகள்.

நம் சபையின் வாலிபர் ஐக்கியத்தில் என்ன பேசப்போகிறேன் என்று கேட்டிருந்தாய். நற்குணத்தையும் செயல்திறனையும் வளர்த்துக்கொள்வது எப்படி என்பதுதான் அவர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு. இலக்கை எழுதி வைத்தல், நேர அட்டவணை, அதிகாலை எழும்புதல் என்று ஒரு தாளும் அச்சடித்துத் தந்தார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-ல் ஆண்டவரே கேட்டிருக்கிறார். ஆனாலும் அந்தத் தாளை வாசிக்க வாசிக்க எனக்கு நம் தோட்டத்து லயத்து வீடுகளில் கழிந்த நாட்களே நினைவுக்கு வந்தன.

அந்நாட்களில் நம் லயத்தில் விடியும் வரை உறங்கியவர் யார்? வெயில் ஏறிவிட்டால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். அதற்கு முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் கங்காணி பெயர் கூப்பிடுவார். கூப்பிடும்போது பதில் இல்லையென்றால் அன்றைய கூலி போயிற்று. ஆகவே நம் தாய்மார்கள் 4 மணிக்கே எழுந்து, அடுப்பு மூட்டி, பிள்ளைகளுக்குச் சோறு கட்டிவிட்டுக் களத்துக்குப் போனார்கள். இதை யாரும் மன உறுதி என்று சொல்லிக்கொள்ளவில்லை. மரமும் பெரட்டும் அவர்களை எழுப்பின. அதே தோட்டத்தில் 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கணக்கெழுதும் கிராணியாக இருந்து நாள்தோறும் 5 மணிக்கு எழுந்த நான், ஓய்வுபெற்ற மூன்றாவது மாதமே 7 மணி வரை உறங்கப் பழகிவிட்டேன். அது என் குணம் என்று நினைத்திருந்தேன்; களம் போனவுடன் அதுவும் போய்விட்டது.

மெதடிஸ்டுகளாகிய நம்முடைய சரித்திரத்தின் தொடக்கத்திலேயே இதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1742-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில், கூடுகைக்காகக் கட்டிய மண்டபத்தின் கடனை எப்படி அடைப்பது என்று ஜான் வெஸ்லியும் சபையாரும் யோசித்தபோது, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபாய் என்பவர். எல்லாராலும் அது முடியாதே என்று ஒருவர் சொல்ல, மிகவும் ஏழைகளான பதினொரு பேரை என்னிடம் விடுங்கள், நான் வாரந்தோறும் போய் அவர்களைப் பார்க்கிறேன், கொடுக்க இயலாதவர்களுக்காக நானே கொடுத்துவிடுகிறேன் என்றாராம். இப்படிப் பன்னிரண்டு பேர் கொண்ட ‘வகுப்பு’களாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு தலைவர் வைத்து, அந்தத் தலைவர்கள் வீடு வீடாகப் போகத் தொடங்கிய பிறகுதான், யார் குடிக்கிறார், எந்த வீட்டில் சண்டை, யார் சோர்ந்திருக்கிறார் என்பதெல்லாம் வெளிச்சத்துக்கு வந்தது. கடனுக்காகத் தொடங்கிய வகுப்பு, ஆத்துமாவை விசாரிக்கும் வகுப்பாயிற்று. குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதியதை அவர்கள் ஒரு சில்லறைக் காசைப் பிடித்துக்கொண்டு போய்க் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

உனக்கு இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது எழுதுகிறேன். எனக்கு 23 வயது இருக்கும். ஸ்டோரில் பால் நிறுக்கும்போது, மழை வரும் அவசரத்தில், ஓர் அக்காளின் 26 கிலோவை 16 என்று எழுதிவிட்டேன். மாதச் சம்பளத்தில் அவருக்கு 8 வெள்ளி குறைந்தது. தவறு என் கண்ணில் பட்டபோது பட்டியல் மேலே போய்விட்டிருந்தது. பெரிய கிராணி திட்டுவாரே என்ற பயத்தில் வாயைத் திறக்கவில்லை. அந்த அக்காளோ எழுதப் படிக்கத் தெரியாதவர். என்னைத் ‘தம்பி’ என்று அன்பாகக் கூப்பிடுகிறவர். அந்த மாதம் முழுவதும் நான் கோயிலுக்குப் போனேன், பாட்டுப் பாடினேன், வேதமும் வாசித்தேன். எதுவும் என்னை அசைக்கவில்லை. நம் சபைப் பெரியவர் ஒருவர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வாலிபர்களிடம் ஒரே கேள்வி கேட்பார், உனக்கு நினைவிருக்கும்: “இந்த வாரம் யாருக்கு என்ன பாக்கி?” நான்காவது வாரம் என் நா ஒட்டிக்கொண்டது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சகேயு நாலத்தனையாகத் திரும்பச் செலுத்தினானே, நானும் 32 வெள்ளி கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “முதலில் அந்த எட்டைக் கொண்டுபோய்க் கொடு, தம்பி” என்றார். அன்று மாலையே கொடுத்தேன். அக்காள் என்னைத் திட்டாமல் தேநீர் போட்டுத் தந்தார். அதைக் குடிப்பதுதான் கடினமாக இருந்தது.

ஆகவே வாலிபர்களிடம் அட்டவணையைப் பற்றி அதிகம் பேசப்போவதில்லை. கேள்வி கேட்க ஓர் ஆளைத் தேடிக்கொள்ளுங்கள், கைப்பேசியில் வரும் நினைவூட்டலை விரலால் தள்ளிவிடலாம், முகத்துக்கு நேரே கேட்கிறவரை அப்படித் தள்ள முடியாது என்று மட்டும் சொல்லலாம் என்றிருக்கிறேன். கேட்கிறவர் ஃபாயைப் போல நமக்காகத் தாமும் கையிலிருந்து கொடுக்கக்கூடியவராக இருக்க வேண்டும். வெறுமனே குற்றம் பிடிக்கிறவரிடம் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள்.

இதைப் பேசுவதற்கு முன் எனக்கே அப்படி ஓர் ஆள் வேண்டும் அல்லவா? நம் பெரியவர் மண்ணுக்குள் போய் வெகுகாலம் ஆயிற்று. நீ சனிக்கிழமை இரவு 9 மணிக்கு எனக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு அதே கேள்வியைக் கேள். நானும் உன்னைக் கேட்கிறேன், உப்பைப் பற்றியும் சேர்த்து. நம்மோடு வேலை செய்தவரின் விதவைக்குச் சொக்சோ என்னும் தொழிலாளர் காப்புறுதிப் பாரத்தை நிரப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தேன். அந்தத் தாள்கள் மூன்று வாரங்களாக என் மேசையில், இந்தக் கடிதத்துக்குப் பக்கத்திலேயே கிடக்கின்றன. முதலில் அவற்றைப் பற்றிக் கேள்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு.

உன் அன்பு நண்பன்