கம்பெனி பதிவு செய்து தருபவர்களுக்கும் கணக்கு எழுதுபவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

வரி மோசடியில் சுருட்டிய பணத்தைத் தேடிப் பிடித்து அரசுக்கு மீட்டுக் கொடுப்பது என் வேலை. நிதிப் புலனாய்வாளர் என்பது பதவியின் பெயர். உங்களில் பலரை நான் சந்தித்திருக்கிறேன், ஆனால் பெரும்பாலும் கையில் சோதனை ஆணையோடு. அந்த நேரத்தில் இரண்டு பக்கமும் மனம்விட்டுப் பேச முடிவதில்லை. பேச முடியாமல் போனதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஒரு டிரைவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடிகாலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டினோம். அவர் பெயரில் மொபைல் போன் மொத்த வியாபாரக் கம்பெனி ஒன்று ஓடியது. ஆயுள் முழுக்க வண்டி ஓட்டினாலும் அவரால் கண்ணில் பார்க்க முடியாத தொகையை நான்கே மாதத்தில் விற்பனையாகக் காட்டியிருந்தது. வாங்கியவர்களிடம் வசூலித்த வரியில் ஒரு காசுகூட அரசுக்குப் போய்ச் சேரவில்லை. “எந்தக் கம்பெனி சார்?” என்று கேட்டார். அது நடிப்பில்லை. ஒற்றை அறை, ஒரு கட்டில், ஆணியில் தொங்கிய இரண்டு சட்டைகள். வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவர் கூட்டிக்கொண்டு போனாராம், ஏதோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாராம்.

அந்த அலுவலகத்துக்கும் போனோம். ஃபைல் சுத்தமாக இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய இடங்களைக் காட்ட ஒட்டிய மஞ்சள் துண்டுச் சீட்டுகள்கூட அப்படியே இருந்தன. மொத்தம் பதினோரு கையெழுத்து. முதல் கையெழுத்தை எழுத்து எழுத்தாகத் தயங்கிப் போட்டிருந்தார், கடைசியில் கை பழகி வேகமாக ஓடியிருந்தது. அவரிடம் யாராவது ஏதாவது கேட்டதாக மட்டும் அந்த ஃபைலில் ஒரு வரி இல்லை. பதிவு செய்து கொடுத்தவரைக் கேட்டபோது, “கூட வந்தவர்தான் பேசினார், இவர் வாயே திறக்கவில்லை” என்றார்.

பேசாமல் உட்கார்ந்திருந்த அந்த மனிதர்தான் கம்பெனியின் ஒரே இயக்குநர். மூன்று வருடம் கழித்து நான் தேடி அலைந்த விடை முழுவதும் அன்றைக்கு அந்த அறையிலேயே இருந்தது.

இந்த மோசடி எப்படி நடக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஒரு கண்ணியை மட்டும் பார்க்கிறவருக்கு முழுச் சங்கிலியும் தெரியாது, அதனால் சொல்கிறேன். முதல் கம்பெனி வேறு நாட்டிலிருந்து வரியில்லாமல் சரக்கை வாங்குகிறது. உள்நாட்டில் வரி போட்டு விற்கிறது, அந்த வரியோடு காணாமல் போகிறது. நடுவில் நாலைந்து கம்பெனிகள் கைமாற்றி விடுகின்றன. கடைசிக் கம்பெனி சரக்கை ஏற்றுமதி செய்து, கஜானாவில் ஒருபோதும் சேராத வரியைத் ‘திருப்பிக் கொடுங்கள்’ என்று கேட்டு வாங்கிக்கொள்கிறது. அப்புறம் அதே சரக்கு மறுபடி உள்ளே வருகிறது. சில சமயம் சரக்கே தேவையில்லை. 2008-09இல் ஐரோப்பாவில் கையால் தொட முடியாத கார்பன் உமிழ்வு உரிமங்களை, அதாவது இவ்வளவு கரிப்புகை விடலாம் என்று தொழிற்சாலைகள் வாங்கி விற்கும் அனுமதிகளை வைத்தே இதைச் செய்தார்கள். 18 மாதங்களில் சுமார் 500 கோடி யூரோ வரி போயிற்று என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோல் மதிப்பிட்டது.

நடுக் கம்பெனிகளின் கணக்குகளை எழுதியவர்கள் உங்களில் சிலர். சரக்கு வாங்குவதும் விற்பதும் ஒரே நாளில் முடிந்துவிடுகிறது. எத்தனை ஆயிரம் போன் விற்றாலும் ஒரு போனுக்குக் கிடைக்கும் லாபம் மட்டும் மாறுவதே இல்லை. கிடங்கு வாடகை கிடையாது, காப்பீடு கிடையாது, சம்பளப் பட்டியல் கிடையாது. சந்தையில் அடிபட்ட வியாபாரி யாராவது இப்படி வியாபாரம் செய்து பார்த்திருக்கிறீர்களா? பேரேட்டைப் புரட்டிப் புரட்டிப் பழகிய கண்ணுக்கு இது தெரியாமல் போகாது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சட்டமும் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது. 2006இல் கிட்டெல் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. தன் கொள்முதல் மோசடியோடு தொடர்புடையது என்று ஒரு வியாபாரிக்குத் தெரிந்திருந்தாலோ, தெரிந்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தாலோ, கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் உரிமையை அவர் இழக்கிறார். வெறுமனே ‘தெரியாது’ என்று கைவிரிப்பது அதோடு செல்லாமல் போனது. கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க நாடுகள் சேர்ந்து அமைத்த நிதி நடவடிக்கைப் பணிக்குழு (FATF) 2003இலேயே கணக்காளர்களையும், வழக்கறிஞர்களையும், கம்பெனி தொடங்கித் தருபவர்களையும் தன் பரிந்துரைகளுக்குள் கொண்டுவந்தது. 2012இல் வரிக் குற்றத்தையும் பணச் சலவைக்கு மூலமான குற்றங்களின் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் சட்டத்தைக் காட்டி உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. என் கவலை நேரம் பற்றியது. திருப்பி வாங்கிய வரி ஒரு வங்கிக் கணக்கில் விழுந்த அன்றைக்கே நாலு கணக்கு தாண்டிப் போய்விடும். நாங்கள் சந்தேகப்பட்டு, ஆதாரம் திரட்டி, நீதிமன்றத்தில் முடக்க ஆணை வாங்குவதற்குள் அது மைத்துனர் பெயரில் வீடாகியிருக்கும், இன்னொரு நாட்டில் ஒரு கம்பெனியின் பங்காகியிருக்கும். ஒரு சோதனையில் அலமாரிக்குள் கைக்கடிகாரப் பெட்டிகள் கிடைத்தன, எல்லாம் காலி. அடியில் உத்தரவாத அட்டைகள் மட்டும் இருந்தன. அவற்றில் கடைக்காரர் முத்திரை குத்திய தேதிகளை வங்கிக் கணக்கோடு வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வரி திரும்பி வந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள். வழக்குக்கு நல்ல சாட்சிதான். ஆனால் கடிகாரம் ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை.

கைக்கு வருவதும் அப்படியே நிற்பதில்லை. முடக்கி வைத்த கார் காப்பகத்தில் நிற்கும். வழக்கு, மேல்முறையீடு, ‘இது என் மனைவி சம்பாதித்தது’ என்ற மனு, அது முடிந்தால் இன்னொரு மனு. அதற்குள் பேட்டரி செத்து, டயர் தரையோடு ஒட்டிப்போயிருக்கும். ஏலத்தில் வரும் தொகையில் பாதி நிறுத்தக் கட்டணத்துக்கே போய்விடும். 2010 முதல் 2014 வரை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் குற்ற வருமானமாக மதிப்பிட்டதில் 2.2 சதவீதம்தான் முடக்கப்பட்டது, கடைசியில் பறிமுதல் ஆனது 1.1 சதவீதம் என்று யூரோபோல் கணக்கிட்டது. இதே வேலையைச் செய்கிற எனக்கு அந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் போக வேண்டிய பணம் அது.

அமெரிக்காவின் சிகாகோ நகரத்து ரவுடிக் கும்பல் தலைவன் அல் கபோனை வரி வழக்கில் பிடித்த கதையை எல்லோரும் சொல்வார்கள், கணக்கரை விட்டுவிடுவார்கள். 1926இல் ஒரு சூதாட்ட விடுதிச் சோதனையில் எடுத்த பேரேடுகள் வருடக்கணக்கில் சும்மா கிடந்தன. வரித்துறையின் ஃபிராங்க் வில்சன் பிறகு அவற்றைப் பார்த்தார். அதிலிருந்த கையெழுத்தை வங்கிச் சீட்டுகளில் இருந்த எழுத்தோடு ஒப்பிட்டு, எழுதியவர் லெஸ்லி ஷம்வே என்று கண்டுபிடித்தார்கள். அவர் சாட்சி சொன்னார். 1931இல் கபோனுக்கு 11 வருடம் சிறை. ஒரு கணக்கர் எழுதி வைத்ததுதான் அவ்வளவுக்கும் ஆதாரம்.

நீங்கள் ஏன் கேள்வி கேட்பதில்லை என்பதும் எனக்குப் புரிகிறது. கேட்டால் வாடிக்கையாளர் அடுத்த தெருவில் இருப்பவரிடம் போய்விடுவார். ‘நாங்கள் என்ன போலீஸா’ என்று சிலர் என்னிடமே கேட்டிருக்கிறார்கள், நியாயமான கேள்விதான். எங்கள் பக்கமும் தப்பு இருக்கிறது. சந்தேகப் பரிவர்த்தனை என்று நீங்கள் அனுப்பும் அறிக்கை எங்கே போனது, உதவியதா, யாரும் பிரித்துப் படித்தார்களா என்று ஒரு பதில் வருவதில்லை. ஒரு ஃபைலுக்காக வந்து மொத்தக் கம்ப்யூட்டரையும் தூக்கிப் போய் மாதக்கணக்கில் வைத்துக்கொள்கிறோம். நேர்மையாக அறிக்கை கொடுத்தவரையும் அப்படி நடத்தியதை நான் பார்த்திருக்கிறேன். அது தவறு என்று உள்ளே சொல்லிக்கொண்டிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன்.

சரி, உங்களிடம் நான் கேட்பது என்ன? தலைமேல் பழி வந்துவிடக் கூடாது என்று தற்காப்புக்காக நூறு அறிக்கை அனுப்ப வேண்டாம். ஒன்று அனுப்புங்கள், ஆனால் எது உறுத்தியது என்று உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள். அனுப்பியதை வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், பணம் அந்த ராத்திரியே பறந்துவிடும்.

கம்பெனி தொடங்க யாராவது வந்தால், கூட வந்தவரைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடப் போகிறவரிடம் என்ன விற்கப் போகிறார், யாரிடம் வாங்கப் போகிறார், முதலீடு எங்கிருந்து வருகிறது, வங்கிக் கணக்கை இயக்கப்போவது யார் என்று கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால் பதிவு செய்ய வேண்டாம். அன்றைக்கு அந்த டிரைவரிடம் இதில் ஒரு கேள்வியைக் கேட்டிருந்தாலே போதும், அவர் பெயரில் வழக்கு வந்திருக்காது.

கேட்ட கேள்வியையும் அவர் சொன்ன பதிலையும் தேதி போட்டு ஃபைலில் வையுங்கள். கையால் எழுதினாலும் போதும். மூன்று வருடம் கழித்து நான் வந்தால் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான்.

அன்புடன்,
சொத்து மீட்பில் வேலை செய்யும் ஒரு நிதிப் புலனாய்வாளர்