கோரிக்கை மனு: சென்னைக் காவல்துறை மீதான புகாரைக் காவல்துறைக்கு வெளியே விசாரிக்க வேண்டும்

அனுப்புநர்:
ஓய்வு பெற்ற தட்டச்சர்,
வடசென்னை.

பெறுநர்:
உயர்திரு அரசுச் செயலாளர் அவர்கள்,
உள், மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை,
தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை,
சென்னை – 600 009.

பொருள்: சென்னை மாநகரக் காவலர்கள், அதிகாரிகள் மீது பொதுமக்கள் கொடுக்கும் புகார்களை விசாரிக்க, ஓய்வு பெற்ற நீதிபதியின் தலைமையில் தனி ஆணையம் அமைக்கவும், காவல் நிலையக் கேமரா பதிவுகளைப் பாதுகாக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். நீதிமன்ற வாசலில் தட்டச்சு இயந்திரம் வைத்து மனு அடித்துக் கொடுத்துப் பிழைத்தவன் நான். இப்போது வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் அக்கம்பக்கத்தில் யாருக்காவது பட்டா, பென்ஷன், போலீஸ் என்று ஏதாவது வந்தால் என்னிடம்தான் பேப்பரோடு வருவார்கள். ரேஷன் கார்டுக்கு எழுதிய மனுவில் பாதியாவது வேலை நடந்திருக்கிறது. காவல் நிலையத்தின் மீது எழுதிய மனுவில் ஒன்றுகூட உருப்படியாக முடிந்ததில்லை. அதனால்தான் இந்த மனுவை எனக்காக எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய மகனுக்கு 19 வயது, உணவு டெலிவரி செய்கிறான். ஒரு நாள் இரவு வாகனச் சோதனையில் வாய்த்தகராறாகி, அவனை ஒரு காவல் நிலையத்துக்குக் கூட்டிப் போனார்கள். மறுநாள் மதியம் அனுப்பிவிட்டார்கள். வலது கையில் மாவுக்கட்டு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டான் என்றார்கள். முதல் தகவல் அறிக்கை இல்லை, கைது செய்ததாகவும் எந்தத் தாளும் இல்லை. பையன் என்னிடம் சொன்னது வேறு. அவன் சொன்னபடியே, ஒரு வார்த்தை கூட்டாமல் மனு அடித்துக் கொடுத்தேன். அந்த அம்மா ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு உயர் அலுவலகம் ஒன்றில் வரிசையில் நின்று கொடுத்தார். ரசீது கொடுத்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்களாம்.

மூன்று வாரம் கழித்து அவருக்குப் போன் வந்தது. "உங்க மனு எங்ககிட்டதான் வந்திருக்கு, விசாரணைக்கு வாங்க" என்று கூப்பிட்டது அதே காவல் நிலையம். மேலே கொடுத்த மனு ஒவ்வொரு மேசையிலும் 'உரிய நடவடிக்கைக்கு' என்ற குறிப்போடு ஒரு படி ஒரு படியாக இறங்கி, எந்த நிலையத்தின் மேல் கொடுத்தாரோ அங்கேயே வந்து சேர்ந்திருக்கிறது. நான் அடித்த தாளை மேசை மேல் வைத்துக்கொண்டு, "இதுல சொன்னதெல்லாம் நீங்க பார்த்தீங்களாம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். மகனுக்கு இன்னும் வயது இருக்கிறது, வண்டி ஓட்டித்தான் பிழைக்க வேண்டும். மேல்கொண்டு நடத்த விருப்பமில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டார். கோப்பு முடிந்தது.

யார் மேல் புகாரோ அவரே விசாரிக்கிற இந்த ஏற்பாடு, எவ்வளவு நல்ல அதிகாரி மேலே இருந்தாலும் மனுதாரரைக் கைவிடும். என் கோரிக்கை முழுவதும் இந்த ஒன்றைப் பற்றியதுதான்.

சென்னையில் இது இன்னும் கடுமையாக இருப்பதற்குக் காரணம், மாநகரக் காவல் அமைப்பே வேறு மாதிரி அமைந்திருப்பது. மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் ஒருவர், ஆட்சியர் ஒருவர். குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் சட்டத்தில் ஒருவரை அடைக்க வேண்டுமென்றால், அங்கே காவல்துறை கேட்கும், ஆட்சியர் கையெழுத்திடுவார். சென்னையில் கேட்பதும் காவல்துறை, கையெழுத்திடுவதும் காவல் ஆணையர். அந்த ஒரு கையெழுத்தில் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை ஒருவர் உள்ளே இருக்கலாம். அரசின் ஒப்புதலும், அடைத்தது சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுவும் பின்னால்தான் வருகின்றன.

இது போதாதென்று, இனித் தப்பு செய்ய மாட்டேன் என்று நன்னடத்தைப் பிணை எழுதி வாங்கவும், பிணையை மீறினால் சிறைக்கு அனுப்பவும் துணை ஆணையர்களுக்கே நிர்வாக நடுவர் (மாஜிஸ்திரேட்) அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது. அந்த அரசாணைகள் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 மார்ச்சில் தீர்ப்பளித்தது. புலன் விசாரிக்கிறவரே நடுவராகவும் உட்காரக் கூடாது என்பதே அதன் சாரம். வழக்குப் போடுகிற விஷயத்தில் இதை நீதிமன்றம் சரிசெய்துவிட்டது. புகார் விசாரிக்கிற விஷயத்தில் அரசு இன்னும் சரிசெய்யவில்லை.

2022 ஜனவரி 1 முதல் பழைய சென்னை மாநகரக் காவல் எல்லை சென்னை, தாம்பரம், ஆவடி என்று மூன்று ஆணையரகங்களானது. இணை ஆணையர், துணை ஆணையர் பதவிகள் கூடின, கட்டடங்கள் கூடின. புகார் சொல்லப் புதிதாக ஓர் இடம்கூடக் கூடவில்லை.

இந்த ஊருக்கு இது புதிய பாடமும் இல்லை. வரி வசூலிக்கவும் குற்றத்தை ஒப்புக்கொள்ள வைக்கவும் மக்களை அடித்துத் துன்புறுத்துகிறார்கள் என்ற புகாரை விசாரிக்க, கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) ஆட்சியிலேயே சென்னை மாகாணத்தில் ஒரு குழு போட்டார்கள். 1855-இல் அது அறிக்கை கொடுத்தது. வரி வசூலும் போலீஸ் வேலையும் ஒரே ஆட்களின் கையில் இருந்தது பெரிய கோளாறு என்று தெரிந்தது. 1859-இல் தனிச் சட்டம் வந்து, வருவாய்த்துறையிலிருந்து போலீஸ் பிரிந்தது. இன்றைய நம் காவல்துறை பிறந்ததே அப்படித்தான். அன்னியர் ஆட்சியிலேயே செய்ய முடிந்ததை நம் ஆட்சியில் கேட்பது அதிகமில்லை என்று நம்புகிறேன்.

2022 ஏப்ரலில் கெல்லீஸ் அருகே வாகனச் சோதனையில் பிடிபட்ட 25 வயது இளைஞர் ஒருவர், தலைமைச் செயலகக் காலனி காவல் நிலையத்தில் வைத்து விசாரிக்கப்பட்டு, மறுநாள் இறந்தார். முதலில் சொன்னது வலிப்பு என்று. உடற்கூறாய்வில் 13 காயங்கள் தெரிந்தன. சி.பி.சி.ஐ.டி. கையில் எடுத்த பிறகு அது கொலை வழக்காக மாறி, ஊர்க்காவல் படையைச் சேர்ந்த ஒருவர் உட்பட 6 பேர் கைதானார்கள். இரண்டே மாதத்தில், ஜூனில், கொடுங்கையூர் காவல் எல்லையில் இன்னொருவர் காவலில் இறந்தார். 2024 டிசம்பரில் அண்ணா பல்கலைக்கழக மாணவிக்கு நேர்ந்த கொடுமையில், பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் விவரங்களோடு முதல் தகவல் அறிக்கை வெளியே போனது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும், பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் மூவர் கொண்ட சிறப்புக் குழு விசாரிக்கவும் உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டி வந்தது. இவை எல்லாவற்றிலும் விசாரணை உண்மையின் பக்கம் நகர்ந்தது, விஷயம் அந்த நிலையத்தின், அந்தக் காவல் மாவட்டத்தின் கையைவிட்டு வெளியே போன பிறகுதான். செத்துப்போனால்தான் வெளியே போகிறது. கை முறிந்தால் உள்ளேயே முடிந்துவிடுகிறது.

காவல் நிலையக் கழிவறையில் கைதாகி வருகிறவர்கள் மட்டும்தான் வழுக்கி விழுகிறார்களா, காவலர்கள் விழுவதில்லையா என்ற பொருளில் உயர் நீதிமன்றமே 2025-இல் கேட்டுவிட்டது.

இதற்குக் கேமரா ஒரு பெரிய விடை. உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பர் 2-ஆம் தேதி பரம்வீர் சிங் சைனி வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: லாக்கப், நடைவழி, வரவேற்பிடம், ஆய்வாளர் அறை, கழிவறைக்கு வெளிப்புறம் என்று எந்த இடமும் விடுபடாமல் கேமரா இருக்க வேண்டும். இருட்டிலும் தெரிய வேண்டும், குரலும் பதிவாக வேண்டும். 18 மாதம் பதிவு இருக்க வேண்டும், அது முடியாவிட்டால் குறைந்தது ஓர் ஆண்டு. பாதிக்கப்பட்டவர் தன் பதிவைப் பாதுகாக்கச் சொல்லும் உரிமை உள்ளவர் என்று நிலைய வாசலில் தமிழிலும் பலகை வைக்க வேண்டும். நான் போன நிலையங்களில் அப்படி ஒரு பலகையை என் கண்ணால் பார்க்கவில்லை. அந்த அம்மாவின் மகன் விஷயத்தில் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுப் பார்த்தேன். பதிவு தானாக அழிந்துவிட்டது என்று பதில் வந்தது. அப்போது சம்பவம் நடந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. செயின் பறிப்பு நடந்தால் தெருக் கேமராவைப் பார்த்து ஓரிரு நாளில் ஆளைப் பிடிக்கிற திறமை நம் மாநகரக் காவலுக்கு இருக்கிறது, அதை நான் மனமாரப் பாராட்டுகிறேன். அதே திறமை நிலையத்துக்கு உள்ளேயும் வேண்டும்.

அடுத்ததைத் தங்களிடமே சொல்வது எனக்குச் சங்கடமாக இருக்கிறது, ஆனால் சொல்லாமல் இந்த மனு முழுமையாகாது. பிரகாஷ் சிங் வழக்கில் 2006 செப்டம்பர் 22-ஆம் தேதி உச்ச நீதிமன்றம், மாநில அளவிலும் மாவட்ட அளவிலும் காவல் புகார் ஆணையம் வைக்கச் சொன்னது. மாநிலத்தில் ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதி, மாவட்டத்தில் ஓய்வு பெற்ற மாவட்ட நீதிபதி தலைவராக இருக்க வேண்டும் என்றது. நம் மாநிலம் 2013-இல் சட்டம் செய்து, 2019-இல் அரசாணை போட்டது. அதன்படி மாநில ஆணையத்துக்குத் தலைவர் உள்துறைச் செயலாளர், அதாவது தாங்களே; உறுப்பினர்கள் காவல்துறைத் தலைமை இயக்குநரும் சட்டம் ஒழுங்குக் கூடுதல் இயக்குநரும். மாவட்டத்தில் ஆட்சியரோடு கண்காணிப்பாளர்.

தங்கள் நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் காவல்துறையை நடத்துகிற துறையும் தங்களுடையது, காவலர் மேல் வழக்குத் தொடர அனுமதிக் கோப்பு வருவதும் தங்கள் மேசைக்குத்தான். புகாரையும் தாங்களே கேட்டால், எங்கள் தெரு அம்மாவுக்கு அது அதே வீட்டின் மாடிப்படியாகத்தான் தெரியும்.

நீதிமன்றம் போகலாமே என்று கேட்கலாம். போகலாம். காவல் நிலையம் வழக்குப் பதிய மறுத்தால் நடுவரிடம் போக வழி இருக்கிறது. அதற்கு வக்கீல் வேண்டும், வாய்தாவுக்கு வாய்தா கூலியை விட வேண்டும். அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் எத்தனை பேர் இரண்டாவது வாய்தாவோடு நின்றார்கள் என்று எனக்குத் தெரியும்.

காவலர்களுக்கும் இதில் நன்மை உண்டு, இதை நான் ஒப்புக்குச் சொல்லவில்லை. எங்கள் தெருவிலேயே இரண்டு காவலர் குடும்பங்கள் இருக்கின்றன. வார விடுமுறைக்கு 2021-இல் அரசு ஆணை வந்தும், பந்தோபஸ்து என்று கூப்பிட்டால் அதுவும் போய்விடுகிறது. தெருவில் கிடந்தவர்களை மீட்கும் 'காவல் கரங்கள்' வேலையை மனசோடு செய்கிறவர்களும் இவர்கள்தான். ஒரு நிலையத்தில் தப்பு நடந்தால் முதலில் சஸ்பெண்ட் ஆவது கீழே இருக்கிற காவலர், உத்தரவு போட்டவர் இடமாற்றத்தோடு நிற்கிறார். வெளியிலிருந்து விசாரிக்கிற ஆணையம் இருந்தால், செய்யச் சொன்னது யார் என்று அந்தக் காவலரும் பயமில்லாமல் சொல்ல முடியும்.

ஆகவே, 2013 சட்டத்தைத் திருத்தி, புகார் ஆணையங்களுக்கு ஓய்வு பெற்ற நீதிபதிகளைத் தலைவராக்கவும், சென்னை, தாம்பரம், ஆவடி மூன்றுக்கும் சேர்த்து முதலில் ஓர் ஆணையத்தைத் தொடங்கவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன். சட்டத் திருத்தத்துக்கு நாளாகும் என்று எனக்குத் தெரியும். அதுவரை ஒரே ஒரு சுற்றறிக்கை போதும்: ஒரு காவல் நிலையத்தின் மீது வந்த மனுவை அந்த நிலையத்துக்கோ, அதே சரகத்துக்கோ விசாரணைக்கு அனுப்பக் கூடாது, மனுதாரரை அந்த நிலையத்துக்கு அழைக்கவும் கூடாது. கூடவே, அடித்துத் துன்புறுத்தியதாக மனு வந்த அன்றே அந்த நாளின் கேமரா பதிவை எடுத்து வெளியே பாதுகாக்க உத்தரவிட வேண்டும். வாசலில் வைக்கச் சொன்ன பலகையை எல்லா நிலையங்களிலும் வைக்கச் செய்ய வேண்டும். இதற்குப் பெரிய செலவு இல்லை.

அந்த அம்மாவின் மனு நகலையும் ரசீதையும் இணைத்திருக்கிறேன். அவர் பெயரையும், மகன் பெயரையும், காவல் நிலையத்தின் பெயரையும் கறுப்பு மையால் மறைத்திருக்கிறேன். இந்த மனுவும் படி இறங்கி அதே மேசைக்குப் போய்விடுமோ என்று அவர் பயப்படுகிறார். போகாது என்று தங்கள் அலுவலகத்திலிருந்து எழுத்தில் வந்தால், மறைக்காத நகலோடு அவரை நானே நேரில் அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இடம்: சென்னை
இணைப்பு: மனு நகல், ரசீது நகல், தகவல் உரிமைச் சட்டப் பதில் நகல்