99 ஏபிஓ போதாதா? ராணுவப் பதிவு அலுவலகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைமைப் பதிவு அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் அலுவலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு இதுவரை மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. மூன்றும் சொல்வது ஒன்றுதான்: என் அப்பாவின் பணிப் பதிவேட்டில், 1971 போரில் கிழக்கே பணியாற்றியவர்களுக்கான பதக்கமான பூர்வி ஸ்டார் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. அது எங்களுக்கும் தெரியும், ஐயா. இல்லை என்பதால்தானே எழுதினோம்.

எந்தப் படைப்பிரிவின் அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. அப்பாவின் நம்பரும் கோப்பு எண்ணும் போட்ட மனுவைத் தனியே பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். பொதுவிலும் எழுதுவதற்குக் காரணம், இதே பதிலை வாங்கி டிரங்குப் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் வேறு சில வீடுகளும் எனக்குத் தெரியும் என்பதுதான். நான் வேலூர் மாவட்டத்துக்காரி. கம்மவான்பேட்டை மாதிரி, வீட்டுக்கு ஒருவராவது பட்டாளத்துக்குப் போன ஊர்கள் எங்கள் பக்கம் உண்டு.

அப்பா 1969-ல் சேர்ந்தார், அப்போது வயது 19. டிரைவர். 1986-ல் நாயக் ரேங்கில் வெளியே வந்தார். அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதக்கங்களுக்கான பக்கத்தில் மூன்று வரிகள் இருக்கின்றன: சங்கிராம் மெடல், 25-வது சுதந்திர ஆண்டு மெடல், 9 ஆண்டு நீண்ட சேவை மெடல். முதலாவது, 1971 போரை ஒட்டிய காலத்தில் பணியில் இருந்தவர்களுக்குப் பொதுவாகக் கொடுத்தது. இரண்டாவது, 1972 ஆகஸ்ட் 15 அன்று பணியில் இருந்தவர்களுக்கு. இந்த இரண்டையும் அவருடைய யூனிட்டில் எல்லாரும் வாங்கினார்கள். யூனிட் அப்போது பஞ்சாப் பக்கம் இருந்தது.

ஆனால் அப்பா அங்கே இல்லை. 1971 அக்டோபரில் அவரையும் இன்னும் சில டிரைவர்களையும் அட்டாச்மென்டில், அதாவது தற்காலிகமாக வேறு யூனிட்டோடு சேர்த்து, கிழக்கே அனுப்பினார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில்தான் திரும்பி வந்தார். அந்த நான்கு மாதமும் அவர் திரிபுராவில் இருந்தார். தர்மநகரில் ரயில் பாதை முடிந்துவிடும். அதற்கு மேல் எல்லாமே சாலைதான். ரேஷன், டீசல் பீப்பாய், குண்டுப் பெட்டி எதுவானாலும் லாரியில்தான் போக வேண்டும். மனு, அம்பாசா, தெலியாமுரா என்று மலை ஏறி இறங்குகிற அந்தப் பாதையை அப்பா இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கூடவே நடந்து வந்த அகதிகளைப் பற்றியும் சொல்வார். அந்தச் சின்னப் பிரதேசத்தின் ஜனத்தொகைக்கு ஏறக்குறைய சமமாகக் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து அகதிகள் வந்து சேர்ந்திருந்த நேரம் அது. ராத்திரி முகப்பு விளக்கைப் போடாமல் சக்திமான் வண்டியை ஓட்ட வேண்டும், பாதை ஓரத்தில் ஜனங்கள் படுத்திருப்பார்கள், குண்டு விழுமோ என்பதைவிட யார் மேலாவது ஏற்றிவிடுவோமோ என்றுதான் பயம் என்பார். டிசம்பர் 16-ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் ராணுவத்தின் ஜெனரல் நியாஜி சரணடைந்த செய்தி வந்தபோது அப்பா வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாராம். யாரோ காலைப் பிடித்து இழுத்து எழுப்பிச் சொன்னார்களாம்.

கிழக்குப் போர்முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டார், மேற்கில் இருந்தவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டார் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அப்பாவின் விஷயத்தில் நடந்திருக்கக்கூடியதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒரு ஜவானுக்கு ஏற்படும் ஒவ்வொரு மாற்றத்தையும் யூனிட் பார்ட் டூ ஆர்டராக வெளியிட வேண்டும். அது பதிவு அலுவலகத்துக்கு வரும். அங்கே ஷீட் ரோல் என்கிற பணிப் பதிவேட்டில் ஏற்றுவார்கள். கல்யாணம், குழந்தை பிறப்பு, பதவி உயர்வு, பதக்கம் எல்லாமே இந்த வழிதான். இப்போது அட்டாச்மென்டில் போனவரை எடுத்துக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்த இடத்துக்காரர்கள், இவர் நம் ஆள் இல்லை, இவருடைய சொந்த யூனிட் பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருப்பார்கள். சொந்த யூனிட்டில், நாம் இருந்தது மேற்கில், பூர்வி ஸ்டாருக்கும் நமக்கும் சம்பந்தமில்லை என்று விட்டிருப்பார்கள். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்ததல்ல. நடுவில் ஒரு வரி விழுந்துபோயிற்று, அவ்வளவுதான்.

உங்கள் இரண்டாவது கடிதம் என்ன கேட்டது தெரியுமா? பூர்வி ஸ்டார் வழங்கப்பட்டதற்கான பார்ட் டூ ஆர்டரின் நகலை அனுப்பச் சொன்னது. ஐயா, அந்த ஆர்டர் போடாமல் விட்டதுதான் எங்கள் புகாரே. போட்டிருந்தாலும் அதை ஜவான் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் கிடையாது. உங்கள் அலமாரியில் இருக்க வேண்டிய காகிதத்தை 75 வயதுக்காரர் எங்கே போய்த் தேடுவார்?

சரி, நம்மிடம் என்ன இருக்கிறது பார்க்கலாம் என்று வீட்டைத் துழாவினேன். பாட்டியின் தகரப் பெட்டியில், அவளுடைய முதியோர் பென்ஷன் காகிதங்களுக்குக் கீழே, ஒரு படைவீரர் கடிதம் கிடைத்தது. அப்பா 1971 டிசம்பரில் பாட்டிக்கு எழுதியது. நான் சௌக்கியம், இங்கே குளிர் அதிகம், தம்பியை ஸ்கூலுக்கு ஒழுங்காகப் போகச் சொல்லு, மாடு கன்று போட்டதா என்று எழுதியிருக்கிறார். எந்த ஊரிலிருந்து எழுதுகிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதக் கூடாது என்பது உங்கள் சட்டம். அன்றைக்கு இடத்தின் பெயரை எழுதாதே என்று சொன்ன ராணுவம், இன்றைக்கு நீ அந்த இடத்தில் இருந்ததற்கு எழுத்தில் என்ன ஆதாரம் என்று கேட்கிறது. அப்பாவிடம் இதைச் சொன்னபோது சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆனாலும் அந்தக் கடிதம் ஒரு விஷயத்தைச் சொல்கிறது. அனுப்புநர் முகவரியில் அவர் போட்டிருப்பது 99 ஏபிஓ, அதாவது ராணுவத் தபால் நிலையத்தின் எண். பட்டாளத்து வீட்டில் வளர்ந்த எந்தக் குழந்தைக்கும் இது தெரியும்: மேற்கிலும் வடக்கிலும் இருப்பவர்களுக்கு 56 ஏபிஓ, கிழக்கே போனவர்களுக்கு 99 ஏபிஓ. அவருடைய யூனிட் பஞ்சாபில் இருந்த அதே மாதத்தில் இந்த ஆள் மட்டும் 99 ஏபிஓ-விலிருந்து ஏன் கடிதம் எழுத வேண்டும்? பீல்டு போஸ்ட் ஆபீஸ் முத்திரையும் மேலே இருக்கிறது. தேதி கொஞ்சம் கலங்கியிருந்தாலும் மாதமும் ஆண்டும் படிக்க முடிகிறது. நகல் எடுத்து அனுப்பினோம். அதற்குத்தான் உங்கள் மூன்றாவது கடிதம் வந்தது. தனிப்பட்ட கடிதங்களை ஆதாரமாக ஏற்க இயலாது, இத்துடன் இந்த விஷயம் முடிக்கப்படுகிறது என்று.

எனக்கு உங்கள் எழுத்தர் மேல் கோபம் இல்லை. நானே தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறவள். பதிவேட்டில் இல்லை என்று எழுதி அனுப்புவதுபோல் சுலபமான பதில் உலகத்தில் கிடையாது, நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் எங்களிடம் யுடிஆர் என்று ஒன்று உண்டு. 1979-லிருந்து 1987 வரை தமிழ்நாடு முழுக்க நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தார்கள். அதில் எத்தனையோ பேர் பெயர் விட்டுப்போயிற்று, தப்பாக ஏறிற்று. இன்றைக்கும் யுடிஆர் தவறைத் திருத்தக் கோரி மனு வராத வாரம் இல்லை. வருகிறவரிடம், இப்போதைய பட்டாவில் உங்கள் பெயர் இருக்கிறதா, இருந்தால் காட்டுங்கள், திருத்தித் தருகிறோம் என்று கேட்டால் அடிக்க வர மாட்டாரா? நாங்கள் யுடிஆருக்கு முந்தைய பதிவேட்டை எடுத்துப் பார்க்கிறோம். அது எங்கள் அறையில் இருக்கிறது, மனுதாரர் வீட்டில் இல்லை. தூசி தட்டி எடுப்பது எங்கள் வேலை.

அமெரிக்காவில் 1973 ஜூலை 12 அன்று செயின்ட் லூயிஸ் நகரத்தை அடுத்து ராணுவப் பணிப் பதிவேடுகளை வைத்திருந்த கட்டடம் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சத்திலிருந்து 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை எரிந்துபோயின. நகல் இல்லை, மைக்ரோபிலிம் இல்லை. அதற்காக அங்கே யாரும் விஷயத்தை முடிக்கவில்லை. சம்பளப் பட்டியல், யூனிட்டின் தினசரி அறிக்கை என்று வேறு இடங்களில் கிடந்த காகிதங்களைக் கொண்டு ஒவ்வொருவருடைய பணியையும் திரும்பக் கட்டி எழுதுகிறார்கள். விட்டுப்போன பதக்கம் உறுதியானால், பணிவிடுப்புச் சான்றிதழை மாற்றாமல் திருத்தத்துக்கென்றே இருக்கும் இன்னொரு படிவத்தில் ஏற்றி அதோடு சேர்த்துவிடுகிறார்கள். அங்கும் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது, புலம்பாதவர்கள் இல்லை. ஆனால் எரிந்ததையே தேடுகிறார்கள். நம் காகிதங்கள் எரியவில்லையே, ஐயா. பென்ஷன் இல்லாமல் போனவர்களின் ஏடுகளை 25 ஆண்டு கழித்து அழிக்கலாம் என்று விதி இருக்கிறது. அப்பா பென்ஷன்காரர். மாதா மாதம் அவர் கணக்கில் பணம் ஏறுகிறது என்றால் அவருடைய கோப்பு எங்கேயோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

இதில் காசு எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பூர்வி ஸ்டார் வீரதீர விருது அல்ல; அதற்கென்று மாதப் படி கிடையாது, பென்ஷன் ஒரு ரூபாய் கூடாது. அப்பாவின் நண்பர் ஒருவர், எதற்கு இந்த அலைச்சல், கன்டோன்மென்ட் பக்கத்துக் கடையில் போனால் நகல் மெடல் ரிப்பனோடு கொடுக்கிறான், வாங்கிக் குத்திக்கொள் என்றார். அப்பா கேட்டது ஒன்றுதான்: "விளிம்புல என் நம்பர் இருக்குமா?" அரசு கொடுக்கும் மெடலின் விளிம்பில் ஜவானின் நம்பர், ரேங்க், பெயர் எல்லாம் பொறித்திருக்கும். அவருடைய மற்ற மூன்றிலும் இருக்கிறது. துடைக்கும்போது அந்த எழுத்தைத்தான் முதலில் துடைப்பார்.

பல ஆண்டு சும்மா இருந்தவர் ஏன் இப்போது கேட்கிறார் என்று உங்கள் கடிதம் ஒன்றில் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்வி. 2021-ல் வங்கதேசப் போரின் 50-ஆம் ஆண்டை நாடு முழுக்கக் கொண்டாடினார்கள். டெல்லியில் ஏற்றிய வெற்றி ஜோதி ஊர் ஊராகப் போயிற்று. எங்கள் பக்கம் நடந்த ஒரு விழாவில் அந்தப் போரில் கிழக்கே இருந்தவர்களை மேடைக்கு அழைத்துச் சால்வை போட்டார்கள். பட்டியலை டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பார்த்துத் தயாரித்திருந்தார்கள். அப்பா சட்டையில் மூன்று மெடலையும் குத்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பெயர் கடைசி வரை வரவில்லை. வீட்டுக்கு வந்து, சரி விடு, சால்வை ஒண்ணு மிச்சம் என்றார். அப்புறம் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. முதல் மனுவை எழுதியது அவர் இல்லை, நான்தான்.

ஒரு வக்கீல், சென்னையிலேயே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது, வழக்குப் போட்டுவிடலாம் என்றார். அப்பா கேட்கவே இல்லை. பட்டாளத்தின் மேல் நான் கேஸ் போடுவதா என்று எழுந்து போய்விட்டார். அவருக்கு நீங்கள் இன்னமும் வீட்டு மனிதர்கள்.

எனவே நான் கேட்பது இவ்வளவுதான். 1971 அக்டோபர் முதல் 1972 பிப்ரவரி வரை அவருடைய யூனிட் வெளியிட்ட பார்ட் டூ ஆர்டர்களை எடுத்துப் பாருங்கள். அட்டாச்மென்டில் அனுப்பியது அதில் இருக்க வேண்டும். எந்த யூனிட்டுக்குப் போனார் என்பதும் அதிலிருந்து தெரிந்துவிடும். அங்கே கிடைக்கவில்லை என்றால் சம்பளக் கணக்கு அலுவலகத்தைக் கேளுங்கள். அதிலும் இல்லாவிட்டால், அவரோடு போன டிரைவர்களில் இருவர் உயிரோடு இருக்கிறார்கள்; ஒருவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பூர்வி ஸ்டார் ஏறியிருக்கிறது. இருவரும் நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுத்திருக்கிறார்கள். அதன் நகல் மனுவோடு வந்திருக்கும். மெடல் வரத் தாமதமாகலாம், பரவாயில்லை. விட்டுப்போன பார்ட் டூ ஆர்டரை இப்போதாவது போட்டு, அந்தப் பக்கத்தில் நான்காவது வரியை எழுதி, முத்திரை வைத்துக் கொடுங்கள்.

இன்னொன்று. அட்டாச்மென்டில் போனவர்கள் அப்பாவோடு முடியவில்லை. இப்படி மனு வந்தால் முதலில் உங்கள் பக்கத்துக் காகிதத்தைப் பார்த்துவிட்டு, பிறகு மனுதாரரிடம் கேளுங்கள் என்று உங்கள் பிரிவுகளுக்கு ஒரு குறிப்பு அனுப்ப முடிந்தால் நல்லது.

படைவீரர் கடிதத்தின் அசல் வேண்டும் என்று கேட்பீர்களானால், மன்னிக்கவும், அதைத் தபாலில் அனுப்ப மாட்டேன். மடிப்பில் கிழிய ஆரம்பித்துவிட்டது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஒரு தேதி குறித்துச் சொல்லுங்கள், நானே எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறேன். காலையில் என்றால் அப்பாவும் வருவார். மாலையில் அவருக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் நாயக்கின் மகள்,
வேலூர் மாவட்டம்