யானைக் கோபுரத்தின் கடைசிப் பக்கங்கள்

சுங்கை சிப்புட்,
வெள்ளிக்கிழமை ராத்திரி

அன்புள்ள மச்சான்,

நலம்தானே? இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டிவலி, மற்றபடி திடம். ஜொகூருக்குப் போனதிலிருந்து வாட்சாப்பில் பூப்படம் போட்டுக் காலை வணக்கம் சொல்வதோடு உன் கடமை முடிந்தது. உன் பேச்சைக் கேட்டால் ஊரில் எல்லாருக்கும் நீ தினமும் கடிதம் எழுதுகிற மாதிரி இருக்கும்!

விஷயத்துக்கு வருகிறேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருந்த பழைய பேப்பர் கடையைத் தவுக்கே, அதான் முதலாளி, மூடுகிறார். எட்டிப் பார்த்தேன். மூலையில் கயிறு கட்டிய ஒரு கட்டு. பிரித்தால் சின்ன வயதில் நாம் படித்த முரட்டு வீரன் கோனனின் காமிக்ஸ், ‘சேவேஜ் சோர்ட் ஆஃப் கோனன்’, 24-ஆவது இதழ், 1977. யானைக் கோபுரம் கதை, மச்சான்! பேரம் பேசவில்லை, கேட்ட வெள்ளியைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நம்மிடம் இருந்த பிரதியில் கடைசிப் பக்கங்கள் கிடையாது, ஞாபகம் இருக்கா? தோட்டக் குமாஸ்தா, நம் கிராணி மகன்தான் படித்துச் சொல்வான். கிழிந்த இடம் வந்ததும் “யானை ராட்சசன் பாய்ந்தான், கோனன் ஒரே வெட்டு”ன்னு கையை வீசிக் காட்டுவான். நாமும் வாய் பிளந்து கேட்டோம். அத்தனையும் அவன் கட்டிவிட்டது. அந்தக் கதையில் அப்படி ஒரு சண்டையே இல்லை.

போன தீபாவளிக்கு நீ சொன்னாய், “அதெல்லாம் சின்னப் பசங்க சமாச்சாரம், வெறும் சதையும் கத்தியும்”னு. அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. நமக்குக் கோனனை ஏன் பிடித்தது, யோசித்தாயா? இருந்த வீடு ரப்பர் தோட்டத்துடையது, எரிந்த விளக்கு தோட்டத்துடையது, விடியுமுன் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்கு நிற்கணும். அவனுக்குப் பிரட்டு கிடையாது. திருடன், கூலிப்படை வீரன், கடற்கொள்ளைக்காரன், கடைசியில் ராஜா. எந்தத் துரைக்கும் தலை குனிந்ததில்லை. ராஜாவான பிறகும் நிம்மதி இல்லை. 1932 டிசம்பரில் வந்த முதல் கதையிலேயே அரண்மனை வேலை அலுத்துப்போய், வடக்கு நாடுகளை வரைபடத்தில் வரைந்துகொண்டு உட்கார்ந்திருப்பான்.

இவனைக் கதைகளில் படைத்த எழுத்தாளர் ராபர்ட் ஹோவர்ட் யார் தெரியுமா? டெக்சாஸில் கிராஸ் பிளெய்ன்ஸ் என்கிற சின்ன ஊர்க்காரர். எண்ணெய்க் கிணறு தோண்ட வந்த கூட்டம் வந்ததையும் போனதையும் பார்த்தபடி அம்மா அப்பா வீட்டிலேயே இருந்து எழுதியவர். 1936-ல் அம்மா நினைவு தப்பிக் கிடந்தபோது தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். வயது 30. உலகத்தையே சுற்றுகிற ஒருத்தனை, அந்த ஊரைவிட்டு அதிகம் நகராத ஒருத்தர் எழுதியிருக்கிறார். சடக்கில் போகிற லோரியை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்த நமக்கு அது வந்து ஒட்டிக்கொண்டதில் ஆச்சரியமே இல்லை.

சரி, கோபுரத்துக்கு வா. ரத்தினக் கல் திருட ஏறுகிறான் கோனன். உள்ளே யானைத் தலையோடு ஓர் உருவம். முதலில் சிலை என்று நினைக்கிறான். அது அசைகிறது. கண்ணைக் குருடாக்கி, கைகாலை முறித்து வைத்திருக்கிறான் யாரா என்கிற மந்திரவாதி. பேர் யாக்-கோஷா. வேறொரு கிரகத்திலிருந்து தோற்றுத் துரத்தப்பட்டு, கூட்டத்தோடு பறந்து வந்தவன். இங்கே வந்ததும் சிறகு வாடிப்போயிற்று, திரும்ப வழியில்லை. கூட வந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்தார்கள், இவன் ஒருத்தன் மிச்சம். தனக்குத் தெரிந்ததை யாராவுக்குச் சொல்லிக்கொடுத்தான், அவனே இவனை அடிமையாக்கி வதைக்கிறான்.

மச்சான், இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய நம் பாட்டன்மார் எல்லாரும் கண் முன்னால் வந்து நின்றார்கள். காட்டை அழித்துக் கித்தா மரம், ரப்பர்தான், நட்டவர்கள். உங்கப்பா டிரங்குப் பெட்டியைத் திறந்து, குடியுரிமை இல்லாதவருக்குக் கொடுத்த அந்தச் சிவப்பு அடையாளக் கார்டைத் துடைத்துத் துடைத்து வைப்பாரே. “இந்த வருசம் ஊருக்குப் போயிடுவேன்”னு சொல்லிச் சொல்லியே போய்ச் சேர்ந்தாரே.

கோனன் என்ன செய்தான் தெரியுமா? அந்த முரடன் உடைந்துபோகிறான். யாக்-கோஷாவை வதைத்தது தானே என்கிற மாதிரி, மனிதகுலத்தின் குற்றம் முழுக்கத் தன் தலையில் விழுந்தது மாதிரி நிற்கிறான். அது கேட்டுக்கொண்டபடி அதைக் கொன்று, இதயத்து ரத்தத்தைக் கல்லின்மேல் பிழிந்து யாராவிடம் கொண்டுபோகிறான். யாரா சுருங்கிச் சுருங்கிக் கல்லுக்குள் விழுகிறான். உள்ளே யாக்-கோஷா முழு உடம்போடு, சிறகோடு நிற்கிறான்! கோபுரம் இடிகிறது. கோனன் வெறுங்கையோடு வெளியே போகிறான். நாம் படிக்காமல் விட்டது இதைத்தான்.

படம் ஜான் புசேமா. மை தீட்டியவர் பிலிப்பைன்ஸ்காரர் அல்ஃப்ரெடோ அல்காலா. அந்தத் தும்பிக்கைச் சுருக்கங்களை ஒவ்வொரு கோடாக இழைத்திருக்கிறார். கறுப்பு வெள்ளைதான், ஆனால் வர்ணமே வேண்டாம்.

உன் பேச்சில் நியாயம் இல்லாமல் இல்லை. பெண்களை அவர்கள் வரைந்த விதத்தை என் மகளிடம் காட்ட எனக்குக் கூச்சம். ஹோவர்ட் கறுப்பர்களைப் பற்றி எழுதியவற்றில் பல எனக்குக் கசக்கின்றன, நம் நிறத்தில் இருக்கிற யாருக்கும் கசக்கும். அதற்காக யாக்-கோஷாவை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இன்னொன்று. தோட்டத்தில் நாம் இருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். எங்கும் செம்பனை. லயத்துச் சனம் ரவாங், கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிவிட்டது. கோனன் மாதிரி யாரும் ஆசைப்பட்டுக் கிளம்பவில்லை. நோட்டீஸ் வந்தது, கிளம்பினார்கள். நீயும்தான். இதை நேரில் பேச வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்கு வா. கிராணி மகனையும் இழுத்து வருகிறேன், இந்த முறை நான் படிக்க அவன் கேட்கட்டும். வரும்போது உன் பையனிடம் ஒரு வேலை சொல்: வர்ணத்தில் வந்த ‘கோனன் தி பார்பேரியன்’ 100-ஆவது இதழ், 1979, கோனனின் காதலி பெலிட் சாகிற இதழ். சிங்கப்பூர்ப் பழைய புத்தகக் கடைகளில் தேடட்டும். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்.

உன் மச்சான்