வயதின் மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இலட்சியமெல்லாம் இளமையோடு சரி, நாற்பது தாண்டினால் எல்லாருக்கும் புத்தி வந்துவிடும் என்ற ரீதியில் உங்கள் பகுதியில் ஒரு வாசகர் எழுதியிருந்தார். பணி ஓய்வு பெற்றவர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தார். கூடவே அந்தப் பிரபலமான வாசகத்தையும் எடுத்துப் போட்டிருந்தார்: இருபதில் பொதுவுடைமை பேசாதவனுக்கு இதயம் இல்லை, நாற்பதிலும் பேசுகிறவனுக்கு மூளை இல்லை. சர்ச்சில் சொன்னதாம்.

சர்ச்சில் அப்படிச் சொன்னதற்குப் பதிவு எதுவும் இல்லை. அது போகட்டும், அவர் வாழ்க்கையே அதற்கு ஒத்துவரவில்லையே. 1900ல் பழமைவாதக் கட்சியின் உறுப்பினராக நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டபோது அவருக்கு வயது 25. 1904ல் லிபரல் கட்சிக்கு மாறினார், 1909ல் அமைச்சராக இருந்து வேலையில்லாதவர்களுக்கு வேலைவாய்ப்பு அலுவலகங்கள் அமைக்கச் சட்டம் கொண்டுவந்தார், ஐம்பதை நெருங்கும்போதுதான் பழைய பக்கம் திரும்பினார். அந்த வாசகத்தின்படி கணக்குப் போட்டால் 25 வயது சர்ச்சிலுக்கு இதயமே கிடையாது.

ஆனாலும் இந்த வாசகம் சாகாமல் சுற்றிக்கொண்டே இருக்கிறது, ஏனென்றால் அதனால் நிறையப் பேருக்கு உபயோகம் இருக்கிறது. ஒருகாலத்தில் ஏதோ ஒன்றை நம்பி அப்புறம் கைவிட்டவர்களுக்கு, கைவிட்டதற்குப் பக்குவம் என்று ஒரு கௌரவமான பெயர் கிடைத்துவிடுகிறது. நான் விடவில்லை, வயதுதான் விடவைத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். வயதை யார் போய்க் கேள்வி கேட்பது?

இதைச் சும்மா ஊகமாகச் சொல்லவில்லை, ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1930களில் அமெரிக்காவில் பென்னிங்டன் என்ற பெண்கள் கல்லூரியில் தியோடர் நியூகோம் என்ற உளவியலாளர், மாணவிகளின் அரசியல் கருத்துகளைத் தொடர்ந்து கவனித்தார். பெரும்பாலும் வசதியான, பழமைவாதக் குடும்பங்களிலிருந்து வந்த பெண்கள். முற்போக்கான ஆசிரியர்களோடும் தோழிகளோடும் பழகப் பழக, கடைசி ஆண்டுக்குள் அவர்களில் பலர் வீட்டு அரசியலை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார்கள். சரி, கல்லூரி முடிந்து கல்யாணம், குழந்தை, வசதி என்று ஆனபின் பழையபடி ஆகியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? 1960களில் மறுபடி தேடிப்போய்க் கேட்டார்கள், 1984ல் பாட்டிகளான பிறகும் கேட்டார்கள். பெரும்பாலானவர்கள் கல்லூரியில் வந்தடைந்த இடத்திலேயே இருந்தார்கள். ஏன் என்று துருவிய நியூகோமுக்குக் கிடைத்த விடை எளிமையானது: கணவரையும் நண்பர்களையும் தங்களைப் போல நினைக்கிறவர்களாகவே பலர் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

இன்னொன்று இதைவிட எனக்குப் பிடித்தது. 1964 கோடையில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவு செய்ய உதவுவதற்காக அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துக்குப் போகக் கல்லூரி மாணவர்கள் ஆயிரம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். உயிருக்கு ஆபத்தான வேலை. அந்தக் கோடையின் தொடக்கத்திலேயே அதில் இருந்த மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டார்கள். விண்ணப்பித்தவர்களில் ஒரு பகுதியினர் கடைசி நேரத்தில் ஏதேதோ காரணத்தால் போகவில்லை. டக் மெக்ஆடம் என்ற சமூகவியலாளர் ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, போனவர்களையும் போகாதவர்களையும் தேடிப்பிடித்து ஒப்பிட்டார். விண்ணப்பம் எழுதிய நாளில் இரண்டு கூட்டத்தின் ஆசைகளிலும் பெரிதாக வித்தியாசமில்லை. இருபது ஆண்டுக்குப் பிறகு, போய் வந்தவர்கள்தான் பொதுக் காரியங்களில் அதிகம் ஈடுபட்டிருந்தார்கள். அந்தக் கோடை அவர்களுக்குக் கூட்டாளிகளைக் கொடுத்திருந்தது, அந்த உறவு அறுபடாமல் இருந்தது. அதற்கு விலை கொடுக்கவில்லை என்று சொல்லமாட்டேன், அவர்களின் சராசரி வருமானம் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் இருந்தது. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே அளவுதானே வயது ஏறியது?

தனி மனிதர்களை எடுத்தால் இரண்டு பக்கத்துக்கும் ஆள் கிடைப்பார்கள். பிரெஞ்சுப் புரட்சியைக் கொண்டாடிய ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் முதுமையில் அரசவைக் கவிஞரானார். ஆனால் பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோ இளமையில் மன்னராட்சியின் பக்தர், ஐம்பதை ஒட்டித்தான் குடியரசுக்காக நாட்டை விட்டு வெளியேறினார். ஆங்கிலத் தத்துவவாதி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் முதல் உலகப்போரை எதிர்த்து 1918ல் பிரிக்ஸ்டன் சிறைக்குப் போனார்; அணு ஆயுதத்தை எதிர்த்து 1961ல் அதே சிறைக்கு மறுபடி போனபோது வயது 89. அந்த முறை அவர் மனைவி ஈடித்தும் வேறொரு சிறையில் ஒரு வாரம் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நம் பெரியார் மூத்திரக் குழாயோடு மேடை ஏறிக் கடைசிச் சொற்பொழிவை ஆற்றியது 94 வயதில், 1973 டிசம்பர் 19ல். ஐந்தாம் நாள் காலமானார்.

இதையெல்லாம் சொல்வதால் இளமையின் இலட்சியம் எல்லாம் புனிதம் என்று நான் சொல்வதாக நினைக்கவேண்டாம். 1933 மே மாதம் ஜெர்மனியின் பல்கலைக்கழக நகரங்களில் புத்தகங்களைக் குவித்து எரித்தது மாணவர் அமைப்புதான், அவர்களும் தங்களை இலட்சியவாதிகள் என்றுதான் நம்பினார்கள். சில இலட்சியங்கள் வயது ஏறும்போது தொலைந்தால் உலகத்துக்கு நல்லது. எழுபதிலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருப்பவரை உறுதியானவர் என்று பாராட்ட எனக்கு மனம் வராது.

சரி, பெரும்பாலானவர்களுக்கு எங்கேதான் தொலைகிறது? எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகத்தில் நடந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனிடம், வந்திறங்கிய நாற்காலிகளைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்துக் கேட்டார்கள். பில்லில் ஐம்பது. அவன் போய் எண்ணினான், நாற்பதுதான் இருந்தது, நாற்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான். யாரும் திட்டவில்லை, மிரட்டவில்லை. மூத்தவர் ஒருவர் தோளில் கைபோட்டு, "தம்பி, உன் வயசுல நான் உன்னைவிட மோசமா இருந்தேன், போகப்போகச் சரியாயிடும்" என்றார். அப்புறம் மதியச் சாப்பாட்டுக்கு அவனைக் கூப்பிடுவது நின்றது. அவன் அனுப்பும் கோப்பெல்லாம் ஏதாவது அற்பக் கேள்வியோடு திரும்பி வந்தது. மாற்றல் வரப்போகிறது என்று ஒரு பேச்சு, அவனுக்கு அப்போதுதான் கல்யாணமாகி வீட்டுக் கடன் தொடங்கியிருந்தது. அடுத்த முறை சரக்கு வந்தபோது அவன் எண்ணவில்லை. இதற்குள் அவனுக்கு எத்தனை வயது கூடிவிட்டது? ஒன்றுகூட இல்லை.

அன்றைக்கு அந்த அறையில் இன்னும் ஒருவர், ஒரே ஒருவர், "நானும் எண்ணினேன், நாற்பதுதான்" என்று சொல்லியிருந்தால் கதையே வேறு. ஒருவனைத் தனியாக்குவது சுலபம், இரண்டு பேரைத் தனியாக்க முடியாது, அவர்களுக்குச் சாப்பிட ஒரு துணையாவது இருக்கும். இத்தனை வயதாகியும் உமக்கு ஏன் நரைக்கவில்லை என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் மருந்தையோ உடல்வாகையோ சொல்லவில்லை. மனைவி மக்கள் நல்லவர்கள், ஏவலர்கள் என் மனம் அறிந்தவர்கள், அரசன் தவறு செய்யாதவன், ஊரில் சான்றோர் பலர் இருக்கிறார்கள் என்று சுற்றியிருக்கும் ஆட்களைத்தான் பட்டியல் போட்டார். புறநானூற்றில் இருக்கிற அந்தப் பதிலை மெக்ஆடம் படித்திருக்க வாய்ப்பில்லை, ஆனால் இரண்டு பேரும் கிட்டத்தட்ட ஒன்றையேதான் சொல்கிறார்கள்.

வயதுதான் காரணம் என்றால் அறுபதுக்கு மேல் இன்னும் மோசமாக அல்லவா ஆகவேண்டும்? நான் பார்த்தவரை அப்படி இல்லை. எந்தக் குடியிருப்போர் சங்கத்திலும் மனு எழுதுவது, குளத்தை ஆக்கிரமித்தவர்மேல் வழக்குப் போடுவது, அதிகாரியின் அறை வாசலில் மணிக்கணக்காக உட்கார்ந்திருப்பது எல்லாம் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்தான். முப்பது வருடம் வாய் திறக்காமல் இருந்தவர்கள்கூட அங்கே வந்து சத்தமாகப் பேசுகிறார்கள். கடன் அடைந்துவிட்டது, பிள்ளைகள் சம்பாதிக்கிறார்கள், ரகசியக் குறிப்பு எழுத மேலதிகாரி கிடையாது. இடையில் அடங்கிக் கிடந்தது அவ்வளவுதான், தொலைந்திருந்தால் திரும்பி வந்திருக்காது.

கடிதம் எழுதிய அந்த வாசகரும் ஓய்வு பெற்றவர்தானே. மாற்றல் இல்லை, பதவி உயர்வு இல்லை, விளக்கம் கேட்டுக் குறிப்பாணை அனுப்ப இனி யாரும் இல்லை. அப்புறம் யாருக்காக இன்னும் பக்குவமாக இருக்கிறார் என்று அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்