2024–25 ஆண்டறிக்கை: சேர்ந்திசைப் பயிற்சி முகாம்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்களும் மார்கழி பஜனையும் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். மே மாத முகாமைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகவே எழுதியிருக்கிறேன். அடுத்த முறை நடத்துகிறவர்கள் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

முகாம் 13 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு. மகரக்கட்டு, அதாவது பருவ வயதில் குரல் உடைவது, மதுரைக்குப் புதிதல்ல. 1918-இல் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் சிறுவர்களே நடிக்கும் பால சபையை இங்கே தொடங்கினார். அந்த நாடகக் கம்பெனிக் காலத்தில் பையனுக்குக் குரல் உடைந்தால் பாட்டுள்ள வேஷம் கைவிட்டுப் போகும். இன்றும் பள்ளி ஆண்டு விழாவில் அதுதான் நடக்கிறது: “உனக்குக் குரல் சரியில்லை, பின்னால் நில்லுப்பா.” உண்மையில் பெரும்பாலும் சரியில்லாதது நாம் வைக்கும் சுருதி.

இந்த வயதில் குரல்வளை வளர்ந்து, குரல்நாண் நீண்டு தடிக்கிறது. பையன்களுக்குக் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (ச முதல் மேல் ச வரையுள்ள அளவு) இறங்கும். பெண் பிள்ளைகளுக்கு மூன்று நான்கு அரைச்சுரம்தான் (ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு) இறங்கும், ஆனால் சில காலம் குரலில் காற்று கலந்து வரும். அதைக் கேட்டு உடனே “இவள் கீழ்க்குரல்” என்று முத்திரை குத்தக் கூடாது. அவர்களை வாரம் மாற்றி வாரம் மேல்வரியிலும் கீழ்வரியிலும் பாட வைத்தோம்.

முதல் ஞாயிறு நாம் செய்த தவறு இது. பழக்கதோஷத்தில் ஆதார சுருதியைப் பையன்களுக்கு 1 கட்டை (C), பெண்களுக்கு 5 கட்டை (G) என்று பிரித்துவிட்டோம். 1 கட்டையில் மந்திர பஞ்சமம் (கீழ் ஸ்தாயி ப) பாதிப் பையன்களுக்கு வெறும் காற்றாக வந்தது. 5 கட்டையில் சேர்த்துப் பாடச் சொன்னபோது மேல் பஞ்சமத்தில் குரல் பிளந்தது. வெட்கப்பட்ட இரண்டு மூன்று பேர் வாயை மட்டும் அசைத்தார்கள்.

இரண்டாம் வாரம் முதலில் குரல் பார்த்தோம். பிள்ளையை 20-லிருந்து பின்னோக்கி எண்ணச் சொல்லி, அந்தப் பேச்சு எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று ஆர்மோனியத்தில் தேட வேண்டும். அதற்கு மூன்று நான்கு அரைச்சுரம் கீழேதான் பொதுவாக அடிக்குரல் முடியும். அங்கிருந்து சிரமமில்லாமல் எத்தனை சுரம் ஏறுகிறது என்று குறித்துக்கொண்டால் போதும். ஆளுக்கு மூன்று நிமிடம், தனியாக. மற்றவர்கள் எதிரில் பார்த்தால் எந்தப் பையனும் ஒழுங்காகக் குரல் கொடுக்க மாட்டான்.

பிறகு எல்லாவற்றையும் 4 கட்டைக்கு (F) மாற்றினோம். மந்திர பஞ்சமத்தில் தொடங்கி மத்திய பஞ்சமத்தில் (நடு ஸ்தாயி ப) முடியும் பாட்டாக எடுத்தால், பெண்கள் அதை அப்படியே பாடலாம். குரல் உடைந்து முடிந்த பையன்கள் ஒரு ஸ்தாயி கீழே பாடலாம். நடுவில் தவிக்கிறவர்களுக்குப் பையன்கள் ஸ்தாயியில் ச முதல் ப வரை ஐந்தே சுரத்தில் தனி வரி எழுதினோம். நான்கு குரல் பிரிப்பு இந்த வயதுக்கு வேண்டாம், மூன்று போதும். அந்த ஐந்து சுர வரியும் சும்மா “ஆ” என்று இழுப்பதாக இருக்கக் கூடாது. சாகித்யம் (பாட்டுச் சொற்கள்) இருந்தால்தான் பையன்கள் மதித்துப் பாடுகிறார்கள்.

குரல் பதப்படுத்த 12 நிமிடம். உதட்டைப் படபடவென்று அதிரவிட்டு, மேலிருந்து கீழாகச் சறுக்கி வர வேண்டும். கீழிருந்து மேலே ஏற்றினால் கனத்த குரலை அப்படியே தூக்கிக்கொண்டு போய்த் தொண்டையை இறுக்குவார்கள். அப்புறம் வாய் மூடிய “ம்”, அதன் பிறகே “ஆ” என்று பாடும் அகாரம்.

பிள்ளைகள் பாடும்போது சுருதி இறங்கியதற்கு இரண்டு காரணம் கண்டோம். கூரை மின்விசிறிச் சத்தத்தில் பின்வரிசைக்குத் தம்பூராவே கேட்கவில்லை. விசிறியை நிறுத்தினால் மே மாத வெயில். காலை 9 மணியை 7 ஆக்கி, தம்பூராப் பெட்டியைப் பின்வரிசைக்கு நகர்த்தியதும் பெரிதும் சரியானது. இன்னொன்று, குரல் நிலைக்காத பையன்களை ஓரத்தில் நிறுத்தியது. இரண்டு உறுதியான குரல்களுக்கு நடுவே நிறுத்திய பிறகு ஓரளவு பிடித்துக்கொண்டார்கள்.

ஜிகர்தண்டா குடித்தால் தொண்டை கெடுமா என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். அதைவிட வைகையில் அழகர் இறங்கும்போது போடும் “கோவிந்தா” கோஷம்தான் கெடுக்கும்! அழகர் இறங்கிய 2024 ஏப்ரல் 23 கழித்து ஒரு வாரமாவது இடைவெளி விட்டதற்குக் காரணம் அதுவே. வரும் ஆண்டும் சித்ரா பௌர்ணமியைப் பார்த்துத்தான் தேதி வைக்க வேண்டும்.

ஒரு முறை பார்த்த குரல் கணக்கு ஆறு வாரத்துக்கு மேல் தாங்காது. ஆகவே ஜூலையிலும் ஒரு ஞாயிறு ஒதுக்கும்படி செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய ஆர்மோனியத்தின் துருத்தியில் காற்று கசிகிறது. அதற்குள் தோல் ஒட்டி வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
செயலாளர்