காது கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

கோத்தகிரியிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கும் என் அன்பு மக்களுக்கு, வணக்கம்.

உலகத்தின் பல மூலைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடியும் வாசித்தும் வரும் இசையைக் கேட்டு, கேட்டதை அப்படியே எழுதிய நோட்டு ஒன்றைப் போன வாரம் கல்லூரியில் ஒப்படைத்தேன். அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் நல்ல வரிகளில் பாதிக்கு மேல் உங்கள் வாயிலிருந்து விழுந்தவை. நன்றி சொல்ல நோட்டில் ஒரே ஒரு பக்கம்தான் ஒதுக்கியிருந்தார்கள். அதில் உங்கள் எல்லாரையும் அடைக்க முடியவில்லை, அதனால் இந்த மடல்.

முதல் நன்றி எங்கள் இயற்பியல் பேராசிரியருக்கு. ஒலியியல் பாடத்துக்கு மற்றவர்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது என்னிடம் மட்டும், "நீ கேட்டு எழுதிட்டு வா" என்றார். 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்து அனுப்பிய தங்க முலாம் பூசிய இசைத்தட்டிலிருந்து தொடங்கச் சொன்னார். ஜாவாவின் கமலான் என்ற வெண்கல வாத்தியக் குழு, ஜப்பானின் மூங்கில் குழல், பல்கேரிய நாட்டுப்பாட்டு என்று அதில் நிறைய உண்டு; நம் நாட்டுக்காக இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பாடியது இருக்கிறது. ஒரு நாகஸ்வரமும் வைத்திருக்கலாம் என்பது என் கருத்து. நாசா என்னைக் கேட்கவில்லை.

சார் போட்ட நிபந்தனை ஒன்றுதான். 'இனிமை', 'அருமை', 'மனதை உருக்கியது' எதுவும் நோட்டில் வரக்கூடாது. பிடிக்காததைப் பிடிக்கவில்லை என்று எழுதலாம், ஆனால் காதில் என்ன விழுந்ததால் பிடிக்கவில்லை என்று சொல்லியாக வேண்டும். ஸ்காட்லாந்தின் பேக்பைப் எனக்குப் பிடிக்கவில்லை. கீழே ஓயாமல் ஒலிக்கும் சுருதிக் குழல்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. மேலே மெட்டு வாசிக்கும் குழலில்தான் சத்தத்தை ஏற்றவும் வழியில்லை, இறக்கவும் வழியில்லை. பையிலிருந்து காற்று வந்துகொண்டே இருப்பதால் மெட்டு நின்று இளைப்பாற இடமும் இல்லை. அப்படியே எழுதினேன். சார் ஓரத்தில் பென்சிலால் 'சரி' போட்டார்.

நூலகர் அக்காவுக்கு நன்றி. மழை நாளில் நூலகக் கணினியை எனக்கு விட்டுக்கொடுத்து, மூடும் நேரம் தாண்டியும் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள். நீங்கள் இல்லாமல் ஒரு பாட்டுகூட என் பென்டிரைவுக்கு வந்திருக்காது.

அடுத்து சவுண்ட் சர்வீஸ் அண்ணன். இயர்போனில் கமலானின் பெரிய காங் (வெண்கலத் தட்டு) வெறும் 'டம்' என்றுதான் கேட்டது. "அடிச்சத்தம் வேணும்னா பெட்டியில போட்டுத்தான் கேக்கணும்" என்று குடோனைத் திறந்துவிட்டு, திருவிழாவுக்குப் போகவேண்டிய ஸ்பீக்கர் இரண்டை இறக்கி வைத்தீர்கள். ஜாவாவைக் கேட்டுவிட்டுப் பாலித் தீவின் கமலானுக்குப் போனோம். வெண்கலத் தகடுகளில் சுத்தி விழுந்ததும் சத்தம் நடுங்கத் தொடங்கியது. அண்ணன் முகம் மாறிவிட்டது. "ஏதோ வயர் மாத்திக் குடுத்திருக்கேன் பாப்பா" என்று சொல்லி, ஒவ்வொரு முனையாகக் கழற்றி மாட்டினார். நடுக்கம் போகவில்லை.

அது வயரில் இல்லை, வாத்தியத்திலேயே இருக்கிறது. பாலியில் இந்த வாத்தியங்களை ஜோடி ஜோடியாகச் செய்வார்கள். ஒன்றைவிட மற்றொன்றின் சுருதியை வேண்டுமென்றே கொஞ்சம் ஏற்றி வைப்பார்கள். ஒன்று நொடிக்கு 200 தடவை அதிர்ந்து மற்றொன்று 207 தடவை அதிர்ந்தால், இரண்டும் சேரும்போது நொடிக்கு 7 தடவை சத்தம் ஏறி இறங்கும். விம்மல் என்று பாடப் புத்தகத்தில் படித்து மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன், இருந்தாலும் உடம்பில் உணர்ந்தது அந்த குடோனில்தான். அண்ணன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பழைய ஆர்மோனியத்தைப் பற்றிச் சொன்னார்: இரண்டு ரீடும் அச்சாக ஒரே சுருதியில் நின்றால் சத்தம் செத்துப்போகும், லேசாக விலகியிருந்தால்தான் உயிர் இருக்குமாம். அந்த வரியை நோட்டில் மேற்கோள் குறிக்குள் போட்டிருக்கிறேன். பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபுசி 1889-இல் பாரிஸ் கண்காட்சியில் ஜாவா கமலானைக் கேட்டு அசந்துபோனார் என்பார்கள். அவருக்குக் கண்காட்சி கிடைத்தது, எனக்கு உங்கள் குடோன்.

பாட்டு டீச்சருக்கு நான் பட்டிருக்கும் கடன் இரண்டு. ஜிம்பாப்வேயில் ஷோனா மக்கள் வாசிக்கும் இம்பிராவைப் போட்டுக் காட்டினேன். பலகையில் இரும்புப் பட்டைகளை வரிசையாகப் பொருத்தி, கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மீட்டுகிற வாத்தியம். அதில் சோடா மூடிகளையோ நத்தை ஓடுகளையோ கோத்து வைப்பார்கள். ஒவ்வொரு ஸ்வரத்தோடும் ஒரு ஜரஜரப்பு கூடவே வரும். இந்த இரைச்சல் எதற்கு என்று நான் கேட்டதும், டீச்சர் பதில் சொல்லாமல் தம்புராவை எடுத்து மடியில் வைத்தார். தந்திக்கும் அதைத் தாங்கும் குதிரைக் கட்டைக்கும் நடுவே இருந்த நூலை உருவிவிட்டு மீட்டினார். வெறும் கம்பிச் சத்தம். நூலைச் செருகி, நகத்தால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். ஓர் இடத்தில் தந்தி குபீரென்று இரைந்தது. "இதுக்குத்தான்" என்று சொல்லி எழுந்து காபி போடப் போய்விட்டார்.

பல்கேரிய நடனப் பாட்டு இரண்டாவது கடன். ஏழு ஏழாக எண்ணும் தாளம் என்பது வரை எனக்குப் புரிந்தது. டீச்சர் தொடையில் தட்டி 'தகிட தகதிமி' போட்டுப் பார்த்தார், ஒட்டவில்லை. திருப்பி 'தகதிமி தகிட' போட்டதும் பொருந்திவிட்டது. "இது விலோம மிச்ர சாபு. நம்ம சியாமா சாஸ்திரி வீட்டுச் சரக்குன்னு நெனச்சேன்" என்று சிரித்தார். ஏழு எண்ணும் மிச்ர சாபு தாளத்தைத் திருப்பிப் போடுவதுதான் விலோமம்; சியாமா சாஸ்திரி கர்நாடக இசை மும்மூர்த்திகளில் ஒருவர். பல்கேரியர்கள் இரண்டு, இரண்டு, மூன்று என்று எண்ணுகிறார்கள். கூட்டினால் அதே கணக்குத்தான்.

பேக்கரி பாய்க்கு: சூடான வர்க்கிக்கும் எகிப்துக்கும் சேர்த்து நன்றி. எகிப்தியப் பாடகி உம் குல்தூம் பாடும்போது நடுநடுவே கூட்டம் கத்துகிறது. அதைப் பதிவுக் குறை என்று குறித்துக்கொண்டிருந்தேன். ஜித்தாவில் பல வருடம் வேலை பார்த்த பாய் அந்தக் குறிப்பை அடித்துவிடச் சொன்னார். "கூட்டம் கேக்குது, அந்தம்மா அதே அடியைத் திரும்பப் பாடுது, ஒவ்வொரு தடவையும் வேற மாதிரி. கூட்டத்தை எடுத்துட்டா பாட்டே இல்லைம்மா." அவர் இருந்த காலத்தில் மாதத்தின் முதல் வியாழக்கிழமை இரவு கெய்ரோ வானொலியில் அவருடைய கச்சேரி நேரடியாக வந்தது, ஒரே பாட்டு ஒரு மணி நேரம்கூடப் போனது. பாய் சொன்னபிறகு அந்த ஒரு மணி நேரம் எனக்கு நீளமாகத் தெரியவில்லை.

மினி பஸ் டிரைவர் அண்ணா, சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டு என் பென்டிரைவைப் போட்டதற்கு நன்றி. ரஷ்யாவுக்குள் இருக்கும் துவா பகுதியின் தொண்டைப் பாட்டில் ஒரே ஆள் அடியில் உறுமிக்கொண்டே, வாய்க்குள் நாக்கை மடித்து அந்த உறுமலில் இருக்கும் மேல்சுருதி ஒன்றை மட்டும் விசில் போலப் பிரித்து எடுப்பார். உறுமல் தொடங்கியதும் முன்சீட்டு அம்மா, "வண்டிக்கு என்னாச்சு தம்பி, இறங்கிக்கவா?" என்று கேட்டதையும் நோட்டில் சேர்த்திருக்கிறேன்.

தைலம் காய்ச்சும் மாமாவிடம் ஆஸ்திரேலியாவின் டிட்ஜெரிடூ என்ற நீண்ட ஊதுகுழலைப் பற்றிப் பேசியது நினைவிருக்கும். வட ஆஸ்திரேலியப் பழங்குடியினர் கரையான் உள்ளே தின்று கூடாக்கிய யூகலிப்டஸ் மரத்தைத் தேடி, தட்டிப் பார்த்து, வெட்டி ஊதுகிறார்கள். வெள்ளைக்காரர்கள் விறகுக்காகக் கொண்டுவந்து நம் மலையெங்கும் நட்ட கற்பூர மரத்துக்குச் சொந்தக்கார மரம்தான், இனம் மட்டும் வேறு. "இத்தனை வருஷமா இலையை மட்டும்தான் பாத்தேன்" என்றீர்கள். மூச்சே விடாமல் எப்படி ஊதுகிறார்கள் என்ற கேள்விக்கு, "கோத்தர் பெரியவரைப் போய்க் கேளு, கொள் ஊதுறவங்களுக்குத் தெரியும்" என்று வழிகாட்டியவரும் நீங்கள்தான்.

நம் மலையின் பழங்குடியான கோத்தர்களில் ஒருவரான அந்தப் பெரியவருக்கு என் வணக்கம். கொள் என்ற அவர்கள் ஊதுகுழலை எடுத்து, கன்னத்தில் காற்றை அடக்கிக்கொண்டு, அதை வெளியே தள்ளும்போதே மூக்கால் மூச்சு இழுத்துக் காட்டினார். கன்னம் சுருங்குகிற நேரமும் நெஞ்சு விரிகிற நேரமும் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். சாமிக்கு ஊதும் மெட்டு வேறு, ஆட்டத்துக்கு வேறு, சாவுக்கு வேறு என்று பிரித்துச் சொல்லிவிட்டு, ஆட்ட மெட்டு ஒன்றை மட்டும் ஊதினார். போனில் பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், காதுல எடுத்துட்டுப் போ" என்றார். எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்தப் பக்கத்தில் ஒலிப்பதிவு இணைக்கப்படவில்லை என்று எழுதியிருப்பதற்குக் காரணம் இதுதான்.

கடைசியாக எங்கள் அப்பாயி. இலங்கையில் அட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டில் பிறந்து, 1964-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்த மலைக்கு வந்தவர். ஸ்காட்லாந்துக்கு மேற்கே ஹெப்ரிடீஸ் தீவுகளில் கேலிக் மொழிப் பெண்கள் பாடிய பாட்டு ஒன்றை எந்த விளக்கமும் சொல்லாமல் போட்டேன். அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் உரல் சத்தமும் பாட்டின் அடியும் ஒன்றாக விழ ஆரம்பித்தன. அவருக்கே அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. பிறகு சொன்னார்: "பொம்பளைங்க உக்காந்து எதையோ அடிக்கிறாங்க. ஈரமா இருக்கு. ஒருத்தி எடுக்குறா, மத்தவங்க வாங்குறாங்க. எடுக்குறவ அடி லேசாத்தான் விழுது பாரு, அவளுக்கு வாய்தான் வேலை."

நெய்து வந்த கம்பளித் துணியை நனைத்து, பலகையைச் சுற்றி உட்கார்ந்து, அடித்து அடித்துக் கெட்டியாக்கும் வேலைக்கான பாட்டு அது. ஒருத்தி அடி எடுத்துப் பாட, மற்றவர்கள் பொருளில்லாத அசைகளால் வாங்கிப் பாடுவார்கள். ஒரே அமர்வில் ஒரு பாட்டை மறுபடி பாடினால் ஆகாது என்று ஒரு நம்பிக்கையும் உண்டு. துணியை நனைத்தது பழைய மூத்திரத்தில் என்று சொன்னதும் அப்பாயி வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரித்தார். எடுக்கிறவளின் அடி லேசாக விழுகிறதா என்று ஸ்பீக்கரில் போட்டுப் பலமுறை கேட்டேன், எனக்கு இன்னும் பிடிபடவில்லை. 'அப்பாயி சொன்னது' என்று குறித்து வைத்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் அவராகவே பேசினார். கொழுந்து எடுக்கும்போது மூட்டம் இறங்கிவிட்டால் பக்கத்து நிரையில் ஆள் இருக்கிறதா என்றே தெரியாதாம். அதனால் பாடுவார்களாம். பாட்டு வரும் பக்கத்தில் ஆள் இருக்கிறது, நின்றுபோனால் கங்காணி வருகிறார். இதை எந்தப் புத்தகத்திலும் நான் படிக்கவில்லை. சார் மதிப்பெண் போடாமல் பக்கத்தை மடித்து வைத்துக்கொண்டு, "இதையே தனியா எழுது" என்று சொன்னது இந்த இடத்துக்குத்தான். அப்பாயியின் வயதில் இலங்கையிலிருந்து வந்தவர்கள் கோத்தகிரி, குன்னூர், கூடலூர் பக்கம் இன்னும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கொழுந்துப் பாட்டோ காமன் கூத்தின் தப்பு மேள அடியோ நினைவில் இருந்தால் சொல்லி அனுப்புங்கள், நானே நேரில் வருகிறேன். போனில் பிடிக்கலாமா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம்.

நோட்டின் நகல் ஒன்று நூலகர் அக்காவிடம் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வாங்கிப் படிக்கலாம். சவுண்ட் சர்வீஸ் அண்ணா, ஸ்பீக்கர் ஞாயிற்றுக்கிழமைக்குள் குடோனுக்கு வந்துவிடும். ஒரு வயர் மட்டும் அப்பாயியின் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது, தேடி எடுத்து அப்புறம் தருகிறேன்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்,
மூன்றாமாண்டு இயற்பியல் மாணவி,
கோத்தகிரி